பாத்ரூம் ஃபிட்டிங்ஸ், டூல்ஸ்: ஆன்லைன்ல எது வாங்கலாம், ஊர்க் கடையில எது வாங்கணும்?

பெருந்துறை_வீடு:
வணக்கம். தரைத்தளம் மட்டும் உள்ள வீடு, ரெண்டு பாத்ரூம். செவுத்துல காடி எடுத்தாச்சு, அடுத்து பைப் போடணும். ஒரு பாத்ரூமுக்கு கன்சீல்டு டைவர்ட்டரும் (செவுத்துக்குள்ள மறைஞ்சு சுடுதண்ணி, பச்சைத்தண்ணியைக் கலந்து ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பி விடுறது) 12 இன்ச் மழை ஷவரும், இன்னொண்ணுக்கு வால் மிக்ஸர் (அதே ரெண்டு தண்ணியையும் கலக்குற, செவுத்துக்கு வெளியே மாட்டுற குழாய்). ரெண்டுக்கும் வெஸ்டர்ன் குளோசெட், ஹெல்த் ஃபாசெட், கீசர். டேங்க் மொட்டை மாடித் தளத்து மேலயே உட்காருது. போர் தண்ணி, உப்பு அதிகம். கூடவே ஒரு டிரில் மெஷினும் வேணும். அதே கம்பெனி பொருள் ஆன்லைன்ல விலை குறைவா இருக்கு. பிளம்பரோ கடையிலதான் வாங்கணும்கிறார். கமிஷனுக்காகச் சொல்றாரா, நிஜமாவே காரணம் இருக்கா?

குழாய்_மேஸ்திரி:
காரணம் இருக்குங்க. செவுத்துக்குள்ள போறது, வெளியே நிக்கிறதுன்னு பொருளை ரெண்டாப் பிரிச்சுக்கோங்க.

டைவர்ட்டர் உள்ளே போற பொருள். அதோட பாடி ஒரு ஐட்டம், டைல்ஸுக்கு வெளியே தெரியிற பிளேட், கைப்பிடி எல்லாம் இன்னொரு ஐட்டம். பல கம்பெனிகள் ரெண்டையும் தனித்தனி மாடல் நம்பர்லதான் விக்கிறாங்க. ஆன்லைன்ல பாதி விலைக்குத் தெரியிறது பெரும்பாலும் வெளிப்பாகம் மட்டும்தான். விவரத்தை முழுசாப் படிங்க. பாடிக்குள்ள தண்ணியைத் திறந்து மூடுற கார்ட்ரிட்ஜ் உப்புத் தண்ணியில நாளாக ஆக இறுகும், சொட்டும். அந்த மாடலுக்கு ஈரோட்டுல கார்ட்ரிட்ஜ் கிடைக்கலைன்னா டைல்ஸை உடைச்சு பாடியையே மாத்தணும். அதனால வாங்குறப்பவே "இதுக்குக் கார்ட்ரிட்ஜ் தனியாத் தருவீங்களா"ன்னு கடையில கேளுங்க. ஒண்ணு கையோட வாங்கி வச்சுட்டா இன்னும் நல்லது.

பொருத்துறப்ப ஆழம் ரொம்ப முக்கியம். பாடி மேல இருக்கிற பிளாஸ்டிக் மூடியில குறைஞ்ச அளவு, அதிக அளவுன்னு கோடு இருக்கும். பூச்சு, டைல்ஸ் ஒட்டுற கலவை, டைல்ஸ் மூணும் சேர்ந்து வர்ற முகம் அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல நிக்கணும். ரொம்ப உள்ளே போயிட்டா கைப்பிடி எட்டாது, வெளியே தள்ளிட்டா பிளேட் டைல்ஸ்ல படியாது. அதனால பொருள் கையில வராம பைப் வேலையைத் தொடங்காதீங்க. பார்சல் தாமதமானா ஆள் கூலிதான் நஷ்டம்.

12 இன்ச் ஷவரை மறுபடி யோசிங்க. டேங்க் தளத்து மேலயே இருந்தா, தண்ணி மட்டத்துக்கும் ஷவருக்கும் நடுவுல அஞ்சாறு அடிதான் வரும். தண்ணி அழுத்தத்தை பார்ங்கிற அளவுல சொல்வாங்க, இது 0.2 பார்கூட இல்லை. ஆன்லைன்ல பார்க்கிற பெரிய ஷவர் பலதுக்கும் குறைஞ்சது 1 பார்னு போட்டிருப்பாங்க. 1 பார்னா 33 அடி உயரத் தண்ணி! அப்படியே மாட்டினா நடுவுல நாலு துளையில மட்டும் ஒழுகும். ஒண்ணு 4 இன்ச், 6 இன்ச் ஷவர் போடுங்க, இல்லைன்னா பிரஷர் பம்ப்புக்கு இப்பவே லைனும் கரண்ட் பாயிண்டும் விட்டுடுங்க.

வால் மிக்ஸர் வெளியே நிக்கிறது. ரெண்டு பாயிண்டுக்கும் நடு அளவு 6 இன்ச், அதாவது 150 மி.மீ. சின்ன வித்தியாசத்தை, மிக்ஸரைப் பைப்போட இணைக்கிற வளைஞ்ச லெக் சரிபண்ணிடும். ஆன்லைன்ல தாராளமா வாங்கலாம், ஆனா பித்தளைதானான்னு பாருங்க. காந்தத்தை வச்சுப் பார்க்கிறது பிரயோஜனமில்லை. பித்தளையிலயும் ஒட்டாது, ஜிங்க்லயும் ஒட்டாது. திரெட் பக்கம் உள்ளே எட்டிப் பாருங்க: மஞ்சளா இருந்தா பித்தளை, சாம்பல் வெள்ளையா இருந்தா ஜிங்க். உங்க தண்ணிக்கு ஜிங்க் திரெட் அரிச்சு, கழட்டுறப்ப செவுத்துக்குள்ளயே முறிஞ்சு நிக்கும்.

வயரிங்_பேச்சு:
கரண்ட் சாமான் பத்தி நான் சொல்றேன். வயர், எம்.சி.பி. (லோடு கூடினா கரண்டைத் துண்டிக்கிறது), ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா துண்டிக்கிறது) மூணையும் அந்தக் கம்பெனியோட அங்கீகரிக்கப்பட்ட டீலர்கிட்டயே பில்லோட வாங்குங்க. போலி கடையிலயும் உண்டு, ஆன்லைன்லயும் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழ சி.எம்./எல்.னு ஒரு நம்பர் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தோட பி.ஐ.எஸ். கேர் செயலியில போட்டா எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்கு அந்த உரிமம்னு வந்துடும். பெட்டி மேல இருக்கிற பேரோட அது பொருந்தணும்.

கீசர் ஆன்லைன்ல வாங்கலாம். 2 கிலோவாட்டுக்கு 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். 2.5 சதுர மி.மீ. வயரைத் தனி லைனா இழுத்து, 16 ஆம்பியர் சாக்கெட் கொடுங்க. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி உங்க பின்கோடுக்கு அந்தக் கம்பெனி சர்வீஸ் இருக்கான்னு கஸ்டமர் கேர்ல கேட்டுடுங்க. உப்புத் தண்ணியில ஆனோடு ராடு (கீசர் டேங்க் அரிக்காம இருக்கத் தான் கரையிற கம்பி) சீக்கிரம் கரையும், அதை மாத்த ஆள் வேணும்.

பெருந்துறை_வீடு:
ரொம்ப நன்றிங்க. ஷவரை 6 இன்ச்சுக்கு மாத்திடறேன். குளோசெட்டும் டிரில்லும் பாக்கி. கமிஷன் விஷயத்தை எப்படிச் சமாளிக்கிறது?

குழாய்_மேஸ்திரி:
எஸ்-டிராப் குளோசெட்னா, அதாவது கழிவு தரைக்குள்ள இறங்குற வகைன்னா, டைல்ஸ் ஒட்டி முடிச்ச செவுத்துல இருந்து தரைக் குழாயோட நடு வரைக்கும் அளங்க. சந்தையில 4, 9, 12 இன்ச் அளவுலதான் வரும். இன்னும் டைல்ஸ் ஒட்டலைன்னா அதோட கனத்தைக் கழிச்சுக்கோங்க. இங்க தப்பினா தரையை உடைக்கணும். பீங்கான் கூரியர்ல மயிரிழை விரிசல் விடும், கண்ணுக்குத் தெரியாது. நாணயத்தால தட்டிப் பாருங்க: நல்லதா இருந்தா கணீர்னு கேட்கும், விரிசல் இருந்தா மொத்தையாக் கேட்கும். கடையிலன்னா அங்கேயே தட்டிப் பார்த்து எடுத்துட்டு வரலாம், நான் கடையைத்தான் சொல்வேன்.

டூல்_பெட்டி:
டிரில் ஆன்லைன்ல வாங்குறதுல தப்பே இல்லை, ஆனா விக்கிறது யாருன்னு பாருங்க. கம்பெனியோ அதோட டீலரோ இல்லாம ஏதோ ஒரு பேர் இருந்தா விட்டுடுங்க. செங்கல் செவுத்துல ஸ்க்ரீன் கம்பி, படம் மாட்ட 13 மி.மீ. இம்பாக்ட் டிரில் போதும். பீம், தூண்ல துளை போடணும்னா அது திணறும். அதுக்கு எஸ்.டி.எஸ். பிளஸ் ரோட்டரி ஹேமர்தான். 100 பீஸ் செட்டுன்னு சேர்த்துத் தர்ற பிட்டுக்காக மெஷினைத் தேர்ந்தெடுக்காதீங்க. 6, 8, 10 மி.மீ. கான்க்ரீட் பிட்டை மட்டும் நல்லதா லோக்கல்ல வாங்கிக்கலாம்.

பேட்டரி மாடல்னா விலையைப் பார்த்து ஏமாறாதீங்க. "சோலோ", "பேர் டூல்"னு போட்டிருந்தா பேட்டரியும் சார்ஜரும் வராது. 110 வோல்ட் இறக்குமதி மெஷினையும் தொடாதீங்க, நம்ம பிளக்ல சொருகின உடனே காயில் எரிஞ்சுடும். பின்னாடி கிரைண்டர் வாங்கினா, நம்ம ஊர்ல பரவலா ஓடுற 4 இன்ச் டிஸ்க்குக்கு நடுத்துளை 16 மி.மீ., 5 இன்ச்சுக்கு 22.23 மி.மீ. மெஷினோட அளவுக்கு டிஸ்க் பக்கத்துக் கடையில கிடைக்குதான்னு பார்த்துக்கோங்க.

மொத்த_விலை:
கமிஷன் வாங்குறவங்க இருக்காங்க, மறைக்க ஒண்ணுமில்லை. பிளம்பருக்குக் கூலி தனியாப் பேசிடுங்க. அவர்கிட்ட கம்பெனி பேர், மாடல் நம்பர், எண்ணிக்கையோட எழுதி வாங்குங்க. அந்த லிஸ்ட்டை ரெண்டு கடைக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி, தள்ளுபடி போக ஜி.எஸ்.டி., வண்டி வாடகையோட கையில நிக்கிற விலை கேளுங்க. எம்.ஆர்.பி.யைக் காட்டிப் பேசினா ஒத்துக்காதீங்க. ஆன்லைன் விலையைக் காட்டினா மொத்த லிஸ்ட்டுக்குச் சேர்த்துக் குறைக்கிற கடைகள் உண்டு.

இன்னொண்ணு, எல்போ, டீ, கப்ளிங் எப்பவுமே மிஞ்சும். பிரிக்காத ஃபிட்டிங்கைத் திருப்பி எடுத்துக்கிறதா பில் போடுறப்பவே பேசிடுங்க. ஆன்லைன்ல திருப்பி அனுப்புற நாள் முடிஞ்சுதான் நமக்கு மிச்சமே தெரியும். மாட்டிக் கழட்டின பொருளை ரெண்டு பக்கமும் வாங்க மாட்டாங்க. ஆன்லைன் பார்சல் எதுவா இருந்தாலும் சீல் உடைக்கிறதுல இருந்து வீடியோ எடுத்து வச்சுக்கோங்க. தகராறு வந்தா 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதியலாம். அப்ப பில்லும் வீடியோவும் கையில இருக்கணும்.