கதிர்வீச்சு நோயாளியின் தாடை முறிவு: அறுவையைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி (முதுகலை மாணவி):
உடல் முழுவதும் ஏறத்தாழ 3 கிரே (உடல் உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு பெற்ற ஒருவருக்குக் கீழ்த்தாடை முறிவும் முகக் கிழிசலும் இருந்தால், வீக்கம் வடியும்வரை ஓரிரு வாரம் காத்திருந்து எலும்பை இணைக்கும் உலோகத் தகடு பொருத்தலாமா?

பதில் 1:
காத்திருக்கக் கூடாது. மூச்சுவழியையும் இரத்தப்போக்கையும் முதலில் கவனித்து, காயத்தில் கதிரியக்கத் தூசு இருந்தால் கழுவி, முறிவை நிலைப்படுத்துவதையும் காயத்தை மூடுவதையும் 36 முதல் 48 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். எலும்பு மச்சை பாதிக்கப்படுவதால் அடுத்த வாரங்களில் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சரியும். அப்போது வாய்க்குள் திறந்திருக்கும் சிறு புண்கூட இரத்தத் தொற்றுக்கு வாசலாகிவிடும். அந்த அவகாசம் தவறினால், அவசரமற்ற அறுவையை இரத்த அணுக்கள் மீளும்வரை, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள், ஒத்திவைப்பதே முறை.

பதில் 2:
ஒன்றைச் சேர்க்கிறேன். தாடைகளைக் கம்பியால் இறுகக் கட்டும் பழைய முறை இங்கே ஆபத்தானது. கதிர்வீச்சு நோயின் தொடக்கத்தில் வாந்தி வரும், அது மூச்சுக்குழாயில் இறங்கக்கூடும். பிறகு வாய்ச்சவ்வு புண்ணாகும்போது சுத்தம் செய்யவும் முடியாது. ஆகவே உறுதியான தகடே மேல். காப்பாற்ற முடியாத பற்களையும் அதே அமர்வில் பிடுங்கிவிடுவது நல்லது.

மாணவி:
கதிர்வீச்சின் அளவே தெரியாவிட்டால்?

பதில் 3:
வாந்தி எத்தனை மணி நேரத்தில் தொடங்கியது என்பதும், முதல் இரண்டு நாட்களில் லிம்போசைட் (ஒருவகை வெள்ளணு) எண்ணிக்கை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதும் ஓரளவு வழிகாட்டும். செர்னோபில் அணு உலை விபத்தில் 1986இல் கதிர்வீச்சு நோய் உறுதிசெய்யப்பட்ட 134 பேரில் 28 பேர் முதல் சில மாதங்களில் இறந்தனர். அவர்களுள் பலரின் மரணத்தில் தோல் புண்களுக்கும் பெரும்பங்கு இருந்தது.