எண்பதுகளின் கரகரக் குரல்கள்: வெறும் ஏக்கமா, உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?

பழைய_கேசட்:
வேல்ஸ் பாடகி பானி டைலரின் 'டோட்டல் எக்லிப்ஸ் ஆஃப் தி ஹார்ட்' பாட்டை நேற்று இரவுதான் முழுதாகக் கேட்டேன். கிட்டத்தட்ட ஏழு நிமிடம். எனக்கு இத்தனை வருடமாகத் தெரிந்தது வானொலிக்காக நறுக்கிய நாலரை நிமிடம் மட்டும்தான். 1985இல் மஸ்கட்டிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த கேசட்டில் அதுதான் இருந்தது.

மெதுவான பியானோவில் ஆரம்பிக்கிறது. பின்னாலிருந்து ரோரி டாட் என்பவரின் குரல், பளிங்கு மாதிரி சுத்தமான ஆண்குரல், திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறது. அதற்கு டைலர் பதில் சொல்லும் குரலோ உப்புத்தாளில் தேய்த்தது போல இருக்கிறது. பாட்டு ஏற ஏற, இப்போது கிழிந்துவிடும், இப்போது கிழிந்துவிடும் என்று நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கிழிவதில்லை.

என் கட்சி இதுதான். கரகரத்த குரலுக்கு எண்பதுகளின் முதல் பாதி போல ஒரு காலம் வாய்க்கவில்லை. அமெரிக்காவின் வாராந்திரப் பாடல் தரவரிசைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 1981இல் கிம் கார்ன்ஸ், 'பெட்டி டேவிஸ் ஐஸ்', 9 வாரம் முதலிடம். 1982இல் ஜோ காக்கர், ஜெனிஃபர் வார்ன்ஸுடன். 1983இல் டைலர், 4 வாரம். 1984இல் டினா டர்னர், 44 வயதில். 1985இல் பிரையன் ஆடம்ஸ். வருடத்துக்கு ஒரு கரகரக் குரலாவது உச்சியில் இருந்திருக்கிறது. இன்று அப்படி ஐந்து வருடம் சேர்ந்தாற்போல் காட்ட முடியுமா?

நேர்க்கோடு:
அண்ணா, வேண்டியதைப் பொறுக்கி எடுத்து வரிசை கட்டினால் எந்தக் காலத்தையும் எப்படியும் காட்டலாம். அதே 1981 கடைசியில் ஒலிவியா நியூட்டன் ஜானின் 'ஃபிசிக்கல்' 10 வாரம் முதலிடத்தில் இருந்தது. கார்ன்ஸைவிட ஒரு வாரம் கூடுதல், குரலில் ஒரு கீறல் கிடையாது. 1983இல் டைலருக்கு 4 வாரம் என்றால் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' 7 வாரம், போலீஸ் குழுவின் 'எவ்ரி பிரெத் யூ டேக்' 8 வாரம். அந்தக் காலத்தின் குரல் எது என்று வாரக் கணக்கில் கேட்டால், கரகரப்பு என்று பதில் வராது.

இன்னொன்று. இந்தக் குரல்கள் எண்பதுகளில் பிறந்தவை இல்லை. லூயி ஆம்ஸ்ட்ராங் 1964இலேயே முதலிடம் பிடித்துவிட்டார். ஜோ காக்கர் 1969இல் வுட்ஸ்டாக் இசைவிழா மேடையில் நின்றவர். ஜானிஸ் ஜாப்ளின் 1970இல் இறந்தே போனார். ராட் ஸ்டூவர்ட்டின் 'மேகி மே' 1971. டைலரே 'இட்ஸ் எ ஹார்ட்ஏக்' பாட்டை எழுபதுகளில்தான் பாடினார், 1978இல் அது அமெரிக்காவில் மூன்றாம் இடம் வரை போனது. வீடு கட்டியது முந்தைய தலைமுறை. எண்பதுகள் குடிபுகுந்தன, அவ்வளவுதான்.

உங்களுக்கு அந்தக் கேசட் பிடித்திருக்கிறது. அதில் தப்பே இல்லை. ஆனால் பதினாறு வயதில் கேட்டது எல்லாருக்கும் பொற்காலமாகத்தான் தெரியும். அது வெறும் ஏக்கம்.

மிடி_கீபோர்டு:
நான் ஒலிக்கலவை செய்கிறவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நேர்க்கோடு சொல்வது பாதி சரி. கரகரப்பு பழையதுதான், மாறியது அதைச் சுற்றி இருந்த சத்தம்.

ஜாப்ளினுக்கும் காக்கருக்கும் பின்னால் வாசித்த கிட்டாரும் கரகரத்தது, டிரம்ஸும் அங்கே இங்கே தள்ளாடியது. எல்லாமே சொரசொரப்பு, அதில் குரலும் ஒன்று. 1980இல் லின் எல்எம்-1, ரோலண்ட் டிஆர்-808 என்று டிரம் மெஷின்கள் வந்தன. 1983இல் யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் வந்தது. எல்லாம் அளந்து வெட்டியது போலத் துல்லியமான ஒலிகள். வெள்ளைச் சுவரில்தானே கைரேகை பளிச்சென்று தெரியும்?

கார்ன்ஸின் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எழுதியவர்கள் டோனா வைஸும் ஜாக்கி டிஷானனும். டிஷானனே அதைப் பாடி 1975இல் வெளியிட்டார். கேட்டுப் பாருங்கள், துள்ளலான பழைய பாணிப் பாட்டு, யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1981இல் கார்ன்ஸுக்காக பில் குவோமோ சிந்தசைசரில் அந்தக் குளிர்ந்த தொடக்கத்தை அமைத்ததும் பாட்டே வேறாகிவிட்டது. அந்தக் குளிருக்கு நடுவில் கார்ன்ஸ் குரல் மட்டும் சூடாக இருக்கிறது. அடுத்த வருடம் கிராமி விருதில் அதுதான் ஆண்டின் சிறந்த பாடல், சிறந்த பதிவு இரண்டும்.

நேர்க்கோடு:
கார்ன்ஸ் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த விவாதம் டைலரில் ஆரம்பித்தது. அந்தப் பதிவில் பியானோ வாசித்தவர் ராய் பிட்டன், டிரம்ஸ் மேக்ஸ் வைன்பர்க். இரண்டு பேரும் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் குழுவினர், கையால் அடித்து வேர்வை சிந்தி வாசிக்கிறவர்கள். உங்கள் வெள்ளைச் சுவர் அங்கே எங்கே இருக்கிறது?

மிடி_கீபோர்டு:
சரிதான், அங்கே என் கணக்கு பொருந்தவில்லை. அந்தப் பாட்டில் சுவர் என்று எதையாவது சொன்னால், டாடின் சுத்தமான குரலைத்தான் சொல்ல முடியும்.

சுருதிப்பெட்டி:
நான் குரல் பயிற்சி கொடுக்கிறவள். இதையெல்லாம் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

டைலரின் கரகரப்பு எப்படி வந்தது? வேல்ஸில் சின்னச் சின்னக் கிளப்புகளில் வருடக்கணக்கில் பாடி, குரல்நாண்களில் கணுக்கள் வந்தன. மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போகும் இல்லையா, அதே காய்ப்புதான். பெண்கள் சாதாரணமாகப் பேசும்போதே குரல்நாண்கள் நொடிக்கு இருநூறு தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஓயாமல் கத்திப் பாடினால் மோதுகிற இடம் தடித்துவிடும். பிறகு நாண்கள் சரியாக மூடாது, இடுக்கில் காற்று கசியும், குரல் கம்மும். எழுபதுகளின் பிற்பாதியில் டைலருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார்கள். ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் கத்திவிட்டார். அந்தக் கரகரப்பு குரலில் அப்படியே நிலைத்துவிட்டது.

இந்தக் கதையை எல்லாரும் ஏதோ வரம் கிடைத்த மாதிரி சொல்கிறார்கள். பாடகியும் நடிகையுமான ஜூலி ஆண்ட்ரூஸுக்கும் 1997இல் குரல்நாணில் அறுவை சிகிச்சை நடந்தது. நான்கு ஸ்தாயி போன குரல் என்று கொண்டாடப்பட்டவர், அதற்குப் பிறகு பழையபடி பாடவே முடியவில்லை. ஒருவருக்கு வாய்த்ததை வைத்து அதை அழகு என்று சொன்னால், பத்தொன்பது வயசுப் பிள்ளைகள் என்னிடம் வந்து "மேம், எனக்கும் அந்த மாதிரி கரகரன்னு வேணும்" என்று கேட்கிறார்கள். போன மாதம் ஒரு பெண் வீட்டில் தானாகப் பழகி, இரண்டு வாரம் பேச முடியாமல் இருந்தாள்.

எல்லாக் கரகரப்பும் புண் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். உண்மையான நாண்களுக்கு மேலே பொய்நாண்கள் என்று இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. அவற்றை அளவாகச் சேர்த்து உரச வைத்து, கீழே இருப்பதைக் கெடுக்காமல் பாடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கு வருடக்கணக்கில் உழைப்பு வேண்டும்.

பழைய_கேசட்:
அம்மா, நீங்கள் சொன்னது எனக்கு உறைத்தது. அந்தக் கத்திய கதையை நானே பலரிடம் ரசித்துச் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்லும்போது ஜூலி ஆண்ட்ரூஸையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று. குரல் கெட்டது விபத்து. அதற்குப் பிறகு அவர் செய்தது விபத்து இல்லை. அமெரிக்க ராக் பாடகர் மீட் லோஃபின் பாட்டுகளைக் கேட்டுவிட்டு, அவற்றை எழுதிய ஜிம் ஸ்டைன்மன்தான் தனக்கு வேண்டும் என்று தேடிப் போனவர் டைலர். இந்தக் குரலுக்கு எந்த அளவு பாட்டு வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 2013இல் சுவீடனின் மால்மோவில் யூரோவிஷன் பாட்டுப் போட்டி மேடையில் நிற்கும்போது அவருக்கு வயது 61.

நேர்க்கோடு:
அந்த யூரோவிஷனில் கிடைத்தது 19ஆம் இடம். குரல் அதே குரல்தான். அப்படியென்றால் 1983இல் ஜெயித்தது ஸ்டைன்மனின் பாட்டா, டைலரின் குரலா? அந்தப் பாட்டை யார் பாடியிருந்தாலும் ஜெயித்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பழைய_கேசட்:
இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது தம்பி, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1983 அக்டோபரில் டைலரின் பாட்டு அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தபோது, அதற்கு நேர் கீழே இரண்டாம் இடத்தில் இருந்த பாட்டு எது தெரியுமா? ஏர் சப்ளை குழுவின் 'மேக்கிங் லவ் அவுட் ஆஃப் நத்திங் அட் ஆல்'. அதை எழுதியதும் ஸ்டைன்மன்தான். தயாரித்ததும் அவரே. அதிலும் பிட்டன், வைன்பர்க். அதே மெதுவான பியானோ, அதே போலப் படிப்படியாக ஏறி உச்சியில் வெடிக்கிற கட்டமைப்பு. பாடியவர் ரஸ்ஸல் ஹிட்ச்காக். தேன் மாதிரி உயர்ந்த, சுத்தமான குரல், எனக்கும் ரொம்பப் பிடித்த குரல்.

ஒரே பாட்டாசிரியர், ஒரே வாத்தியக்காரர்கள், ஒரே மாதம். முக்கியமான வித்தியாசம் தொண்டை மட்டும்தான். கரகரப்பு மேலே, தேன் கீழே.

மிடி_கீபோர்டு:
இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்தது மாதிரி இருக்கிறது.

நேர்க்கோடு:
சோதனை என்று சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு மெட்டு. முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவில் எத்தனையோ காரணம் இருக்கலாம், அதில் அந்த வீடியோவும் ஒன்று. பாட்டு வீடியோக்களுக்கான எம்டிவி சேனல் 1981இல்தான் ஆரம்பித்திருந்தது, டைலரின் அந்தப் பேய்வீட்டு வீடியோவை யாரால் மறக்க முடியும்?

ஆனாலும் இது நல்ல உதாரணம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு வருகிறேன்.

சுருதிப்பெட்டி:
நீங்கள் கேட்டுவிட்டு வருவதற்குள் டினா டர்னரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாருமே கவனிக்கவில்லை. 1984இல் முதலிடம் பிடித்த 'வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்' பாட்டு முதலில் அவருக்குப் பிடிக்கவே இல்லை. அவருக்கு முன்பே பக்ஸ் ஃபிஸ் குழு பாடிப் பதிவு செய்து, வெளியிடாமல் வைத்திருந்தது. டர்னர் பாடியபோது கத்தவில்லை. அறுபதுகளிலிருந்து மேடையைக் கிடுகிடுக்க வைத்த அந்தக் குரலை அடக்கி, கீழ் ஸ்தாயியில், பேசுகிறது மாதிரி பாடினார். கரகரப்பு ஓரத்தில் மட்டும் தெரியும். என் மாணவிகளுக்கு நான் போட்டுக்காட்டுவது இதைத்தான். இருக்கிறதை எல்லாம் கொட்டாமல் வைத்திருப்பதும் ஒரு வித்தை.

மிடி_கீபோர்டு:
வேலை அனுபவத்தில் ஒன்று. 1997இல், பாடியவரின் சுருதியைத் திருத்தும் ஆட்டோ-டியூன் மென்பொருள் வந்தது. சுத்தமான குரலில் ஒழுங்கான அலை இருக்கும், மென்பொருள் சுருதியை எளிதாகப் பிடித்துக்கொள்ளும். கரகரத்த குரலில் அலை ஒழுங்கில்லாமல் இரைச்சலோடு வரும், மென்பொருள் எதைப் பிடிப்பது என்று தடுமாறும். அந்த மாதிரி குரல் வந்தால் நான் ஆட்டோ-டியூனை எடுத்துவிட்டு, பாடியவரையே இன்னொரு முறை பாடச் சொல்லிவிடுவேன். எல்லா ஸ்டுடியோவிலும் அதற்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள்.

நேர்க்கோடு:
இரண்டையும் மூன்று தடவை கேட்டேன், ஹெட்போனில், விளக்கை அணைத்துவிட்டு.

ஹிட்ச்காக் உச்சிக்குப் போகும்போது, போய்ச் சேர்ந்துவிடுவார் என்று முன்னாலேயே தெரிகிறது. அவர் ஏறுவதைப் பார்த்து ரசிக்கிறேன். டைலர் போகும்போது எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது தடவையும் தெரியவில்லை, முடிவு என்ன என்று தெரிந்த பிறகும். என் கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் பிறந்தது 1996இல், இந்தக் கேசட் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. அதனால் இதை ஏக்கம் என்று என்னால் சொல்ல முடியாது, அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

எண்பதுகள்தான் கரகரப்பின் பொற்காலம் என்பதை மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை அண்ணா. வாரக் கணக்கு என் பக்கம் இருக்கிறது. காக்கரின் 1969ஆம் வருடப் பதிவுகளைக் கேளுங்கள், 1982 டூயட்டில் அவரை எவ்வளவு மழித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியும்.

பழைய_கேசட்:
காக்கரைப் பற்றி நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். நாளை ஞாயிற்றுக்கிழமை, வுட்ஸ்டாக் பதிவை எடுத்து வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு எழுதுகிறேன்.