‘ஹெர்டு’: மந்தை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

வணக்கம்.
ஆங்கிலக் கலைச்சொற்களுக்கான தமிழ்ச் சொற்பட்டியல் வரைவில் ‘ஹெர்டு இம்யூனிட்டி’க்கு ‘மந்தை எதிர்ப்பாற்றல்’ என்றும், கணினியில் வரும் ‘தண்டரிங் ஹெர்டு’க்கு ‘இடிமுழக்க மந்தை’ என்றும் உள்ளன. இப்படியே விடலாமா?

மறுமொழி:
ஐயா, வணக்கம். கால்நடை மருத்துவத்துக்கு மந்தை சரி. மனிதரைக் குறிக்க ‘திரள்காப்பு’ போதும். ‘எதிர்ப்பாற்றல்’ என்றால் அது ஒவ்வோர் உடலிலும் இருப்பதாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு குறைந்துபோன 8 மாதக் குழந்தைக்கு இன்னும் தட்டம்மை ஊசி போட்டிருக்க மாட்டார்கள். சுற்றியிருப்பவர்களில் சுமார் 95 விழுக்காட்டினர் இரண்டு தவணையும் போட்டிருந்தால் கிருமி பரவ வழியின்றிப் போகும், குழந்தை தப்பும். ஆளுக்கு ஆள் தொற்றாத ரணஜன்னியில் (டெட்டனஸ்) இந்தக் காப்பே கிடையாது.

கணினிச் சொல்லைத்தான் மாற்றியே ஆகவேண்டும். ஒரே சாக்கெட்டில் (பிணைய இணைப்புகள் வந்துசேரும் முனை) இணைப்பு வருமென்று 100 செயல்முறைகள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்) தூங்கிக் காத்திருக்கின்றன என்று கொள்வோம். ஓர் இணைப்பு வந்ததும் இயங்குதளத்தின் கருவான கெர்னல் நூறையும் எழுப்பிவிடுகிறது. ஒன்றுக்கு வேலை கிடைக்கும்; 99 செயல்முறைகள் வெறுமனே மறுபடி தூங்கப் போகும். ஒவ்வொன்றையும் எழுப்பி, மாற்றி, உறங்க வைப்பதில் சிபியு நேரம் கரைகிறது. கோளாறு விழிப்பில் இருப்பதால் ‘மந்தை விழிப்பு’ என்பேன். பல இணைப்புகளை ஒருசேரக் கவனிக்க லினக்ஸ் தரும் வசதி ஈபோல்; இந்தக் கோளாறைக் குறைக்க லினக்ஸ் 4.5-இல் அதற்கு வந்த ‘எக்ஸ்க்ளூசிவ்’ கொடிக்குத் (விருப்ப அமைப்பு) ‘தனிவிழிப்பு’.

மறுமொழி:
‘மந்தை விழிப்பு’ எனக்கும் ஏற்பு. ‘தனிவிழிப்பு’ மட்டும் வேண்டாம். அந்தக் கொடி ஒன்றையோ சிலவற்றையோ எழுப்பும். ஒன்றே ஒன்று என்ற உறுதி இல்லை. ‘தனி’ என்று படித்த நிரலர் அதை நம்பி, வந்த இணைப்பை ஏற்கும் அக்செப்ட் அழைப்பு வெறுங்கையோடு திரும்பும் நிலையைக் கவனிக்காமல் விடுவார். ‘குறைவிழிப்பு’ என்போம்.

கேஷ் (அடிக்கடி கேட்கப்படும் தரவின் தற்காலிக நகல்) காலாவதியாகும்போது எல்லாக் கோரிக்கைகளும் தரவுத்தளத்தில் போய் விழுவதையும் ஆங்கிலத்தில் இதே பெயரால்தான் சொல்கிறார்கள். அங்கே எதுவும் தூங்கவில்லை. அதை ‘மந்தைப் பாய்ச்சல்’ என்று பிரித்துவிடலாம். மருந்தும் வேறு. எல்லாப் பதிவுக்கும் 300 நொடி ஆயுள் என்றால், எல்லாம் ஒரே நேரத்தில் தீராதபடி, கூடவே 0 முதல் 30 நொடி வரை ஒரு தற்செயல் எண்ணைக் கூட்ட வேண்டும். பலரும் கேட்கும் ஒற்றைப் பதிவு தீர்ந்துபோனால் இது உதவாது. முதல் கோரிக்கை பூட்டை (ஒரு நேரத்தில் ஒருவரே புதுப்பிக்க விடும் குறி) எடுத்துப் புதுப்பிக்க, மற்றவற்றுக்குப் பழைய நகலையே தரவேண்டும். பூட்டுக்கும் ஆயுள் வையுங்கள். எடுத்த செயல்முறை பாதியில் இறந்தால் அந்தப் பதிவு புதுப்பிக்கப்படாமலே கிடக்கும்.

நடுகற்களில் வரும் ‘தொறு’வை எடுக்கலாமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். அழகான சொல், ஆனால் அங்கே பெரும்பாலும் மாட்டு மந்தையையே குறிக்கிறது. ‘தோறும்’ என்பதோடும் குழம்பும். மந்தையே இருக்கட்டும்.