மெர்ஜை ரிவர்ட் செய்த பின் அதே கிளையை மீண்டும் மெர்ஜ் செய்தால் பழைய மாற்றங்கள் வரவில்லை

கேள்வி
வணக்கம். கிட்டில் (கோடு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) பேமெண்ட் கிளையை மெயின் என்ற முதன்மைக் கிளையில் மெர்ஜ் செய்து (இணைத்து) சர்வருக்குப் புஷ் பண்ணிய பிறகுதான் பிழை தெரிந்தது. "கிட் ரிவர்ட் -எம் 1" கொடுத்து (-எம் 1 என்றால் மெர்ஜில் சேர்ந்த முதல் பக்கத்தை, அதாவது முதல் பெற்றோரை, வைத்துக்கொள் என்று பொருள்) அந்த மெர்ஜை விலக்கினோம். கிளையில் பிழையைத் திருத்தி இன்று திரும்ப மெர்ஜ் செய்தால் திருத்திய 2 கமிட் (பதிவுசெய்த மாற்றம்) மட்டும் வருகிறது, முந்தைய 11 கமிட்டின் மாற்றங்கள் இல்லை. இன்றைய மெர்ஜை இன்னும் புஷ் செய்யவில்லை. பழைய நிலைக்கு ரீசெட் செய்து ஃபோர்ஸ் புஷ் (சர்வரின் வரலாற்றை மேலெழுதும் புஷ்) பண்ணிவிடலாமா?

பதில் 1
ஃபோர்ஸ் புஷ் வேண்டவே வேண்டாம். மற்றவர்களின் கணினியில் பழைய கமிட்டுகள் இருக்கும். யாராவது புல் செய்து புஷ் பண்ணினால் நீங்கள் நீக்கியதெல்லாம் திரும்பி வந்துவிடும்.

ரிவர்ட் என்பது எதிர்மாற்றத்தைச் சேர்க்கும் புதிய கமிட். அந்த 11 கமிட்டும் மெயினின் வரலாற்றில் அப்படியேதான் இருக்கின்றன. அதனால் கிட் அவற்றை ஏற்கெனவே சேர்ந்தவையாக எண்ணி, அதன் பிறகு வந்த 2 கமிட்டை மட்டும் எடுக்கிறது.

ரிவர்ட்டையே ரிவர்ட் செய்யுங்கள். முதலில் "கிட் ரீசெட் --ஹார்ட் ஆரிஜின்/மெயின்" கொடுத்து இன்றைய மெர்ஜை விடுங்கள். கமிட் செய்யாத வேலை இருந்தால் அதுவும் போய்விடும், முன்பே "கிட் ஸ்டாஷ்" கொடுத்து ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ரிவர்ட் கமிட்டின் அடையாள எண்ணான ஹேஷைக் கொடுத்து "கிட் ரிவர்ட்". அது சாதாரண கமிட் என்பதால் இங்கே -எம் தேவையில்லை. அதற்குப் பிறகுதான் கிளையை மெர்ஜ் செய்ய வேண்டும். வரிசை மாறினால், திருத்திய வரிகள் மெயினில் இல்லாததால் கான்ஃப்ளிக்ட் (மாற்றங்களின் மோதல்) வரலாம்.

பதில் 2
மேலே சொன்னது சரி. 11 கமிட்டையும் புதிதாக ரிவ்யூ செய்ய வேண்டுமென்றால், ரிவர்ட்டை ரிவர்ட் செய்யாமல், கிளை பிரிந்த கமிட்டைக் கொடுத்து "கிட் ரீபேஸ் --நோ-எஃப்எஃப்" செய்யலாம். கமிட்டுகள் புதிதாக எழுதப்பட்டு ஹேஷ் எல்லாம் மாறுவதால் கிட் புதியவையாக ஏற்கும்.

அந்த -எம் 1 சரிதானா என்றும் ஒருமுறை பாருங்க. "கிட் ஷோ" காட்டும் மெர்ஜ் வரியில் முதல் ஹேஷ் மெயினுடையதாக இருக்கணும். மெயினைக் கிளைக்குள் மெர்ஜ் செய்து அதையே மெயினாகப் புஷ் செய்திருந்தால் முதல் பெற்றோர் உங்கள் கிளை. அப்போது -எம் 1 மற்றவர்களின் வேலையைத்தான் நீக்கியிருக்கும்.

பதில் 3
பேமெண்ட் என்பதால் இரண்டு விஷயம். அந்தக் கமிட்டுகளில் ரகசியச் சாவி இருந்தால் ரிவர்ட் அதை மறைக்காது. உடனே அந்தச் சாவியை ரத்து செய்து புதியது எடுங்கள். டேட்டாபேஸ் மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் கோப்பு) இருந்து அது சர்வரில் ஓடியிருந்தால், ரிவர்ட் கோப்பை மட்டும்தான் நீக்கியது, டேபிள் அங்கேயே இருக்கிறது. அதே மைக்ரேஷனைத் திருத்தி அனுப்பினால், ஏற்கெனவே ஓடியதாகப் பதிவாகியிருப்பதால் பெரும்பாலும் திரும்ப ஓடாது. திருத்தத்தைப் புது மைக்ரேஷனாக எழுதுங்கள்.