துறுதுறு நாய்க்கு நிரந்தர வீடு: கிருஷ்ணகிரி பக்கம் தோட்டத்துக்குக் கொடுக்கலாமா?

தென்பெண்ணை (கிருஷ்ணகிரி):
வணக்கம். தெருவிலிருந்து மீட்ட ஒரு பெண் நாயைத் தற்காலிகமாக எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம், நிரந்தர வீடு தேடுகிறோம். நாட்டு நாய், செவலை நிறம், சுமார் ஒன்றரை வயசு, 16 கிலோ. கருத்தடை ஆபரேஷன் முடிந்தது. ரேபிஸ் ஊசி, பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் நைன் இன் ஒன் ஊசி இரண்டும் போட்டாச்சு, புக் கையில் இருக்கு. மனுஷங்க மேல் கொள்ளைப் பாசம். ஆனால் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. பார்க்க வருகிறவர்கள் மேல் தாவும், துப்பட்டாவைக் கவ்வும், வாக்கிங்கில் ஆளையே இழுத்துக்கொண்டு போகும். "யோசிச்சுச் சொல்றோம்" என்று போகிறவர்கள் திரும்பக் கூப்பிடுவதில்லை. இப்போது கேட்பவர்கள் இரண்டே தரப்பு: மாந்தோப்புக் காவலுக்கு ஒருவர், ஓசூர் அப்பார்ட்மென்டில் ஒரு குடும்பம். தோட்டம் என்றால் ஓட இடம் இருக்குமே, அங்கேயே கொடுத்துவிடலாமா?

மாந்தோப்பு (பர்கூர்):
இடம் இருப்பதும் நாய் ஓடுவதும் ஒன்றில்லைங்க. நம்ம பக்கம் காவல் நாயைப் பெரும்பாலும் பகலெல்லாம் சங்கிலியில் கட்டி, ராத்திரி அவிழ்த்து விடுவார்கள். இப்படிப்பட்ட நாயைப் பகல் முழுக்கக் கட்டினால் சங்கிலி எட்டும் தூரத்துக்கு வட்டமாக மண்ணைப் பறித்துப்போடும், ஓயாமல் குரைக்கும், பிறகு கிட்டே வருகிறவரைக் கடிக்கத் தொடங்கும். "கடிநாய்" என்று பெயர் வாங்கிவிட்டால் அதை வேறு யாரும் வாங்கமாட்டார்கள்.

ராத்திரி அவிழ்த்துவிட்ட பிறகு வரும் ஆபத்து வேறு. பக்கத்துக் காட்டுக்காரர் ஆட்டைத் துரத்தி ஒன்று செத்தால் ஊர்ப் பஞ்சாயத்து, நஷ்டஈடு, அதோடு நாய்க்கும் விஷம். காட்டுப்பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்த வெடி) வாசனைக்கு நாயும் போய் வாயை வைக்கும். சுருக்குக் கம்பி, திருட்டுக் கரண்ட் விட்ட வேலி இதெல்லாம் இருட்டில் நாய்க்குத் தெரியாது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் என்றால் சிறுத்தை. அதற்கு நாய் சுலபமான இரை. மா பூக்கும் சமயத்தில் மருந்தடித்துவிட்டு டிரம்மைத் திறந்தபடி விட்டிருப்பார்கள், தாகத்துக்கு அதில் வாய் வைக்கும். பைபாஸை ஒட்டின தோப்பு வேண்டவே வேண்டாம்.

கேட்கிறவரிடம் மூன்றே கேள்வி போடுங்கள். பகலில் நாய் எங்கே இருக்கும்? காவலாள் மாறினால் யார் சோறு வைப்பது? உடம்பு சரியில்லை என்றால் யார் வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போவது? மூன்றுக்கும் ஆளைக் குறிப்பிட்டுப் பதில் வரவேண்டும். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றால் கொடுக்காதீர்கள். குடும்பமே தோட்டத்து வீட்டில் குடியிருந்து, வீட்டைச் சுற்றி ஐந்தாறடி கம்பிவேலி இருந்து, ராத்திரி நாய் திண்ணையிலோ உள்ளேயோ படுக்கும் என்றால் அது அருமையான இடம்தான்.

நாலுகால் (ஓசூர்):
மாந்தோப்பு சொன்னது அத்தனையும் சரி. நான் நாயின் பக்கம் சொல்கிறேன், ஏனென்றால் வீடு அமையாததற்குக் காரணம் துறுதுறுப்பு இல்லை, முதல் அஞ்சு நிமிஷம்தான்.

தாவினால் காலால் தள்ளுவது, "ஏய்" என்று அதட்டுவது, இரண்டுமே அதற்கு விளையாட்டு. முதுகைத் திருப்பிக்கொண்டு கல்லு மாதிரி நில்லுங்கள். நாலு காலும் தரையில் பட்ட அந்த நொடியில் ஒரு சின்னத் துண்டு வேகவைத்த கோழி அல்லது முட்டையைத் தரையிலேயே போடுங்கள். கையில் கொடுத்தால் மறுபடி மேலே எம்பும். வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி செய்யவேண்டும். தாத்தா மட்டும் கொஞ்சினால் எல்லாம் போச்சு. அடுத்து ஒரு பழைய சாக்கையோ மிதியடியையோ விரித்து, அதில் உட்கார்ந்தால்தான் தீனி என்று பழக்குங்கள். காலிங்பெல் அடித்ததும் சாக்குக்கு ஓடுகிற நாயைப் பார்த்தால் வந்தவர்கள் மனசு மாறிவிடும்.

இழுப்பதற்குக் கழுத்து பெல்ட்டை மாற்றி, நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ் போடுங்கள். இழுத்தால் நீங்கள் நின்றுவிட வேண்டும், கயிறு தளர்ந்தால் நடக்கவேண்டும். முதல் வாரம் ஒரு தெருவைத் தாண்டவே முடியாது, பரவாயில்லை.

நிறைய பேர் களைப்பாக்க வேண்டும் என்று பந்து எறிந்துகொண்டே இருப்பார்கள். அது எதிர்ப்பலன் தரும்: பரபரப்பு ஏறும், களைக்காமல் ஓடுகிற தெம்பும் கூடும். மூக்குக்கு வேலை கொடுங்கள். சாப்பாட்டில் பாதியைப் புல்லில் இறைத்துத் தேட விடுங்கள். கொட்டாங்குச்சியில் தயிரும் களியும் அடைத்து ஃப்ரீஸரில் உறையவைத்துக் கொடுத்தால் அரைமணி நேரம் நக்கிக்கொண்டு கிடக்கும். நக்கி முடிந்ததும் கொட்டாங்குச்சியை வாங்கிவிடுங்கள், கடித்து உடைத்தால் சில்லு தொண்டையில் சிக்கும். வெயில் காலத்தில் நடையைக் காலை ஏழுக்குள் முடியுங்கள். தார் ரோடு உள்ளங்காலைச் சுட்டுவிடும்.

பார்க்க வருகிறவர்களை நடை முடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்து வரச்சொல்லுங்கள். நடந்து வந்த கையோடு காட்டினால் இன்னும் பரபரப்பாகத்தான் இருக்கும். விளம்பரத்தில் துறுதுறுப்பை மறைக்காதீர்கள். "தினம் இரண்டு வேளை முக்கால் மணி நேரம் நடக்கிறவர்களுக்கு மட்டும்" என்று முதல் வரியிலேயே போடுங்கள். போன் கால் குறையும், ஆனால் வருகிற கால் உருப்படியாக இருக்கும். போட்டோவைக் குனிந்து நாயின் கண்மட்டத்தில் எடுங்கள். கூடவே அது சாக்கில் படுத்திருக்கிற அரை நிமிஷ வீடியோ ஒன்று.

ஊசிபுக் (தருமபுரி):
ஒன்று விட்டுப்போச்சு. கொடுப்பதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை செய்து தட்டணுக்கள் (பிளேட்லெட்) எண்ணிக்கை பாருங்கள், உண்ணிக் காய்ச்சலுக்கும் டெஸ்ட் எடுங்கள். தெருவிலிருந்து வந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் உள்ளே மறைந்திருக்கலாம், வெளியே துள்ளிக்கொண்டுதான் இருக்கும். புது வீட்டுக்குப் போன அதிர்ச்சியில் அது தலைதூக்கினால் "நோயாளி நாயைத் தள்ளிவிட்டார்கள்" என்ற பேச்சு வரும். உண்ணி மருந்து கொடுத்த தேதியையும் அடுத்த ரேபிஸ் ஊசித் தேதியையும் புக்கில் எழுதுங்கள்.

தென்பெண்ணை:
ரொம்ப நன்றி. தோப்புக்காரரிடம் அந்த மூன்று கேள்வியையும் கேட்டேன், பகலில் கட்டித்தான் போடுவோம் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஓசூர் குடும்பம் வாடகை வீடு, இரண்டாவது மாடி, கணவன் மனைவி இருவரும் சிப்காட்டில் வேலை, ஆனால் ஷிஃப்ட் வேறு வேறு. தினமும் ஓடுகிற பழக்கம் உள்ளவர்கள். சரிவருமா?

நாலுகால்:
ஷிஃப்ட் மாறி மாறி என்பது நல்ல விஷயம், வீட்டில் ஆள் இருந்துகொண்டே இருக்கும். இரண்டு பேரும் ஒரே ஷிஃப்டுக்கு மாறினால் என்ன ஏற்பாடு என்று மட்டும் கேளுங்கள். வீட்டு ஓனரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கச் சொல்லுங்கள். வாய்ச் சம்மதம் முதல் குரைப்போடு முடிந்துவிடும். பால்கனிக்கு வலை கட்டாயம். வீட்டை நேரில் போய்ப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி முக்கியம்: வைத்துக்கொள்ள முடியாவிட்டால் உங்களிடமே திருப்பித் தரவேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் பார்த்துவிட்டுத்தான் உறுதி.

தீபாவளியை ஒட்டி ஒப்படைக்காதீர்கள். புது இடம், வெடிச் சத்தம், மூணாம் நாள் நாய் ரோட்டில் நிற்கும். காரில் கூட்டிப்போங்கள், கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். அது படுத்த சாக்கைத் துவைக்காமல் அப்படியே கொடுத்தனுப்புங்கள். முதல் இரண்டு வாரம் வெளியே போகும்போது ஹார்னஸுக்கு ஒரு கயிறு, கழுத்து பெல்ட்டுக்கு ஒரு கயிறு, ஆக இரண்டு கயிறு. இன்றைக்கே பெல்ட்டில் உங்கள் போன் நம்பர் தட்டு ஒன்று மாட்டிவிடுங்கள், அவர்கள் நம்பரை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.