பிஎச்பி 8.1-க்கு மாற்றியதும் எரர் இல்லாமலே தவறும் பில் தொகை: உதவி தேவை

வணக்கம். மொத்த வியாபாரக் கடைகளுக்கான எங்கள் பில்லிங் மென்பொருள் 2009 முதல் பலர் கைபட்டு வளர்ந்த, பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல். அதற்குத் தானியங்கிச் சோதனைகள் கிடையாது. பிஎச்பி 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரில் நின்றுவிட்டதால், கடந்த மாதம் சோதனை சர்வரை உபுண்டு 22.04 இயங்குதளம், பிஎச்பி 8.1 என்று மாற்றினோம்.

பக்கங்கள் எல்லாம் திறக்கின்றன, எரர் லாக்கிலும் எதுவுமில்லை. ஆனால் தள்ளுபடிப் பெட்டியை வெறுமையாக விட்டால் தானாகச் சேரவேண்டிய வழக்கமான தள்ளுபடி இப்போது சேருவதில்லை. (எரர் வந்திருந்தால் இதைவிட நிம்மதி.) வெற்றுச் சரத்தை (எழுத்தே இல்லாத string) இரட்டைச் சமக்குறியால் (==) 0 உடன் ஒப்பிட்டால் 7.4-இல் உண்மை, 8.0 முதல் பொய் என்பதே காரணம். இத்தகைய ஒப்பீடுகள் நிரல் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன.

பழைய நிரலைத் தானாகப் புதுப்பிக்கும் ரெக்டர் கருவியை ஓட்டி, நீக்கப்பட்ட ஃபங்ஷன்களை மாற்றிவிட்டோம். 8.1-இல், தரவுத்தளத்திலிருந்து தரவு எடுக்கும் பிடிஓ (PDO) எண்களை எண்களாகவே தருவதால், பழையபடி சரமாகப் பெறும் அமைப்பை இயக்கியதில் சில அறிக்கைகள் சரியாயின. நிரலை ஓட்டாமலே பிழை தேடும் பிஎச்பிஸ்டான் கருவியின் கண்டிப்பான விதிகளோ ஆயிரக்கணக்கான இடங்களைச் சுட்டுகின்றன. எல்லாவற்றையும், தரவு வகையும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் மூன்று சமக்குறியாக்கினால் (===), படிவத்திலிருந்து சரமாக வரும் எண்களுக்கான ஒப்பீடுகள் உடைந்துவிடும்.

இரு பதிப்புகளிலும் வெவ்வேறு விடை தரும் ஒப்பீடுகளை மட்டும், நிரல் ஓடும்போதே லாக்கில் பதியச் செய்யும் வழி ஏதேனும் உண்டா?