30% ஹைட்ரஜன் கலந்தால் கார்பனும் 30% குறையாதா?

கிரிஜா:
வணக்கம். மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கிறேன். இயற்கை எரிவாயுவில் ஓடும் கேஸ் டர்பைனில் ஹைட்ரஜன் கலப்பதுதான் ப்ராஜெக்ட். 30% கலந்தால் கரியமில வாயுவும் 30% குறையும் என்று எழுதியிருந்தேன். கைடு அந்த வரியை அடித்துவிட்டார், காரணம் சொல்லவில்லை. எங்கே தப்பு? அப்புறம், ஹைட்ரஜனைப் பழைய பர்னரிலேயே விட்டால் என்ன?

டர்பைன் பாலா:
கிரிஜா, அந்த 30% கன அளவுக் கணக்கு. ஒரு கன மீட்டர் மீத்தேனில் சுமார் 36 மெகாஜூல் இருக்கிறது, ஹைட்ரஜனில் 11-தான். அதே மின்சாரம் எடுக்கும்போது கரியமில வாயு குறைவது சுமார் 11%. பாதியாகக் குறைய வேண்டுமென்றால் 77% ஹைட்ரஜன் வேண்டும்.

பழைய பர்னரில் விட்டால் என்ன ஆகும் என்பதைக் கையிலேயே எடுத்துப் பார்த்திருக்கிறேன். சோதனை மேடையில் ஹைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போனோம். நாசில் நுனியில் இருந்த தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கருவி) திடீரென்று எகிறியது. வால்வை மூடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆறவைத்துக் கழற்றினால், காற்றைச் சுழற்றிவிடும் இதழ்களில் மூன்று மெழுகு வழிந்தமாதிரி மழுங்கிக் கிடந்தன. இதுதான் ஃப்ளாஷ்பேக். மீத்தேன் சுடர் நொடிக்கு 40 செ.மீ. வேகத்தில் நகரும், ஹைட்ரஜன் சுடர் 2 மீட்டருக்கு மேல். சுவரை ஒட்டிக் காற்று மெதுவாக ஓடுமில்லையா, அந்த வழியாகச் சுடர் பின்னேறி, எரிபொருளும் காற்றும் கலக்கும் இடத்துக்குள்ளேயே வந்து நின்றுவிடும்.

இரண்டையும் முன்கூட்டிக் கலக்காமல் எரித்தால் இந்தப் பயம் இல்லை. ஆனால் சூடு கூடி நாக்ஸ் (காற்றை மாசாக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள்) ஏறும். ஜப்பானில் கோபே நகரின் போர்ட் ஐலண்டில் கவாசாகி நிறுவனம் 2018-ல் 1 மெகாவாட் வகை டர்பைனை முழு ஹைட்ரஜனில் ஓட்டியபோது, நாக்ஸை அடக்கத் தண்ணீர் தெளித்தார்கள். தண்ணீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாவதால் திறன் அடிபடும். 2020-ல் தண்ணீர் இல்லாமலே ஓட்டிக் காட்டினார்கள். ஒரு பெரிய சுடருக்குப் பதிலாக, சின்னச் சின்னத் துளைகளில் ஏராளமான குட்டிச் சுடர்கள். உச்ச சூட்டில் வாயு நிற்கும் நேரம் குறைவதால் நாக்ஸ் உருவாக அவகாசமே கிடைக்காது. இந்தத் துறையில் என்னை இவ்வளவு கவர்ந்த யோசனை வேறில்லை.

கொதிகலன்காரர்:
அம்மோனியாவை ஏன் யாரும் சொல்லவில்லை? அதிலும் கார்பன் கிடையாது. சுடர் வேகம் 7 செ.மீ.தான், ஃப்ளாஷ்பேக் கவலையும் இல்லை. 2022-ல் ஐஎச்ஐ நிறுவனம் யோகோஹாமாவில் 2 மெகாவாட் டர்பைனை முழுக்கத் திரவ அம்மோனியாவில் ஓட்டியதே.

டர்பைன் பாலா:
உண்மைதான், ஆனால் அங்கே சுடரை நிற்கவைப்பதே பெரும்பாடு. நைட்ரஜன் எரிபொருளுக்குள்ளேயே இருப்பதால் நாக்ஸும் கொட்டும். அதனால் முதலில் காற்றைக் குறைத்து எரித்து, மிச்சக் காற்றை அடுத்த கட்டத்தில் விடுவார்கள். நாக்ஸில் சேராத நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு புகையில் கொஞ்சம் தப்பினாலும் ஆபத்து; பூமியை வெப்பமாக்குவதில் அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு. அதைத் தனியாக அளக்காத சோதனையை நான் சுத்தம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கிரிஜா:
நன்றி அண்ணா, 11% கணக்கு எனக்கும் வந்துவிட்டது. நாக்ஸை பிபிஎம்மிலேயே (புகையில் பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு என்று) ஒப்பிடலாமா?

டர்பைன் பாலா:
வேண்டாம். ஹைட்ரஜன் புகையில் நீராவி அதிகம். அதை உலர்த்திவிட்டு அளப்பதால், அதே அளவு நாக்ஸ் 40% வரை கூடுதலாகத் தெரியும். ஒரு மெகாஜூலுக்கு எத்தனை மில்லிகிராம் என்று போடுங்கள்.